கதவுக்கு வெளியே பன்சில்காரர்

தலைவரே, நீங்கள் மேடையில் சொன்னது பொய்.

கோயில் திருவிழாவில் தோட்டத்துச் சங்கத் தலைவர் என்று உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சிங்கள-தமிழ்க் கலவர வருஷத்தில் தோட்டத்து ஜனங்களைத் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குள் வைத்துக் காப்பாற்றியவர் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நீங்களும் கும்பிட்டு வாங்கிக்கொண்டீர்கள். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, "அந்தப் பன்சில்காரரு என்னாங்க ஆனாரு?" என்று கேட்டாள். நீங்கள் கூசாமல் பதில் சொன்னீர்கள். "அவரு அப்பவே கப்பலேறி இந்தியாவுக்குப் போயிட்டாரும்மா. அங்க நல்லா இருக்காராம்."

அவர் கப்பலேறவில்லை. அது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ஸ்டோருக்குள் நானும் இருந்தேன்.

எனக்கு நயமாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. அவரைத் தெரியாத பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். நீங்கள் சொன்னதை அவர்கள் நம்புகிறார்கள். அதனால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் எழுதுகிறேன். உங்களிடம் கேட்க வேண்டியதைப் பிறகு கேட்கிறேன்.

எங்கள் தோட்டம் டிக்கோயாவிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் இருக்கிறது. லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டில் அவருக்குப் பக்கத்துக் காம்பரா. கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடி வெட்டுகிற கூட்டத்தில் அவருக்கு வேலை. ஒல்லியான, நெட்டையான ஆள். இடது காது பாதி இல்லை. தமிழர்தான், ஆனால் புத்த மார்க்கத்தில் இருந்தார். உயிரைக் கொல்லேன், திருடேன், பிறன் மனையை நாடேன், பொய் சொல்லேன், குடியேன் என்கிற ஐந்து சீலத்தைச் சிங்களத்தில் பன்சில் என்பார்கள். அதைக் காலையில் பீலியில் விழுகிற மலைத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுச் சத்தமாகச் சொல்லுவார். அதனால் பன்சில்காரர் ஆனார். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அவர் தங்கை பிள்ளைகள் இன்னும் இந்தப் பக்கத்தில் இருப்பதால் அதை நான் எழுதப்போவதில்லை.

ஐந்து சீலத்தில் நான்கை அவர் எப்படிக் காத்தார் என்பது பெரிய விஷயமில்லை. குடிக்காதவர் எங்கள் லயத்தில் வேறு சிலரும் இருந்தார்கள். பொய் சொல்லாதவர் அவர் ஒருவர்தான். அது எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. வாழ்த்துக்குக்கூட அந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டார்.

என் கல்யாணத்தில் எல்லோரும் நூறு வருஷம் வாழுங்கள் என்று அட்சதை போட்டார்கள். அவர் வந்தார். அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ரெண்டு பேருல ஒருத்தரு முன்னாடி போயிருவீங்க. அது யாருன்னு தெரியாது. அதுவரைக்கும் சண்ட போடாம இருங்க."

என் மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "சனியன் புடிச்ச வாயி! இந்த ஆளுக்கு யாரு சொன்னது?"

"நாந்தான் அத்தை கூப்பிட்டேன்" என்றேன்.

"கூப்பிட்ட வாயிலயே சோத்தப் போட்டு வெரசா அனுப்பிவுடு."

அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

சாவு வீட்டுக்கும் அப்படித்தான் போவார். பிணத்தின் முகத்தைக் கண் எடுக்காமல் பார்ப்பார். "நானும் இப்படித்தான் ஆவேன். இதுலருந்து தப்ப மாட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லுவார். பெண்கள் அவர் நிழல் படாமல் பிள்ளைகளை இழுத்துக்கொள்ளுவார்கள். எனக்கும் அது பிடிக்காது. பிணத்தைப் பார்த்து அழுகிற ஆளோடு சேர்ந்து அழலாம். கணக்குப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறவரை என்ன செய்வது?

போயா என்கிற புத்த விரத நாளில் வெள்ளை வேட்டி கட்டி, கடைவீதியைத் தாண்டி இருக்கிற சின்ன விகாரைக்கு நடந்து போவார். அந்தக் காலத்தில் போயாவுக்கு லீவு கிடையாது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளம் இல்லை. அவர் சொல்லிவிட்டுத்தான் போவார். வயிற்று வலி, காய்ச்சல் என்று எதையாவது சொன்னால் வேலையை மேய்க்கிற கண்டாக்கு விட்டுவிடுவான். இவர் நேராகப் போய், "எனக்கு நோவு ஒன்னுமில்லைங்க. விகாரைக்குப் போறேங்க" என்பார். கண்டாக்கு பல்லைக் கடிப்பான்.

அந்த விகாரையில் ஒரு வயசான பிக்கு இருந்தார். ஹாமுதுரு என்போம். அவர்தான் இவருக்குச் சிங்களமும் பாளிச் சொல்லும் கற்றுக்கொடுத்தார். இருவரும் அரசமரத்தடியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். கடைவீதியில் அதை இரண்டு பக்கமும் கவனித்தார்கள். சிங்களக் கடைக்காரர்களில் சிலர் இந்தத் தமிழனுக்கு இங்கே என்ன வேலை என்றார்கள். எங்கள் ஆட்கள் இவன் அங்கே போய் என்ன சொல்லிக் கொடுக்கிறான் என்றார்கள்.

அட்டை கடித்தால் நாங்கள் பிய்த்துக் கல்லில் வைத்து நசுக்குவோம். அவர் சவர்க்காரம் தடவி, அது தானாக விழும்வரை பார்த்துக்கொண்டு இருப்பார். நான் ஒருநாள் சண்டைக்கு இழுத்தேன்.

"ஏங்கண்ணே, அட்டையக் கொல்ல மாட்டீங்க. கவ்வாத்து வெட்டுறப்ப செடிக்குள்ள எத்தன பூச்சி சாவுது? அது உயிர் இல்லியா?"

"சாவுது. நான் பூச்சியக் கொல்லணும்னு வெட்டல. கொல்லணும்ங்கிற எண்ணம் இருந்தா அது வினை. அதுதான் என்னைப் புடிக்கும்."

"பூச்சிக்கு ஒங்க எண்ணம் தெரியுமாக்கும்?"

"தெரியாது. அதுக்கு நோவுதான் தெரியும்" என்றார். கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மறுநாள் பார்த்தால், ஒவ்வொரு செடியையும் வெட்டுவதற்கு முன்னால் கத்தியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டிவிட்டு வெட்டிக்கொண்டிருந்தார். இருக்கிற பூச்சி போகட்டும் என்று. அதனால் வேலை பிந்தியது. கண்டாக்கு ஏசினான். அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.

செத்த பிறகு என்ன என்று கேட்டால் வெட்டின செடியைக் காட்டுவார். "இலையும் போச்சு, கொப்பும் போச்சு. மறுபடி துளிர் வருது. அதே செடியா, வேற செடியா? அதுவும் இல்ல, இதுவும் இல்ல. ஆத்துமான்னு ஒன்னு உள்ள குந்திக்கிட்டு ஒடம்பு மாத்திக்கிட்டுப் போகல. ஆசைங்கிற வேர் இருக்கறவரைக்கும் துளிர்க்கும். வேர் அத்துப் போனா பொறப்பு இல்ல, நிப்பாணம்."

எனக்கு அது பிடிபடவில்லை. இன்றைக்கும் பிடிபடவில்லை. கவ்வாத்து தொடங்குகிற அன்று கவ்வாத்துச் சாமிக்குச் சேவல் அறுத்துத்தான் நான் கத்தி பிடிக்கிறேன். அவர் சேவல் அறுக்கிற இடத்துக்கு வரமாட்டார். அறுக்காதே என்றும் சொன்னதில்லை. ஒரே ஒருமுறை, பூசாரி வம்புக்குக் கேட்டார். "ஏய்யா, சாமி இதச் சாப்பிடுதா இல்லியா, ஒம் பொய் சொல்லாத வாயால சொல்லு." அவர், "நாமதாங்க சாப்பிடுறோம்" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். பூசாரி அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

இப்போது தோட்டத்துத் துரை கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தலைவரே, இது உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.

மழைக்காலத்தில் அடுப்பெரிக்க மிலாறுக் குச்சி கிடைக்காமல் போனது. யாரோ ஒரு நிழல் மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். பெரிய துரை பெரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்திக் கேட்டார். ஒவ்வொருவரும் தெரியாது தொர என்றோம். கடைசியில் துரை இவரிடம் வந்தார்.

"நீ பொய் பேசாத ஆளு. எல்லாரும் சொல்றான். யாரு வெட்டினது? தெரியுமா?"

"தெரியுங்க தொர."



"சொல்லு."

"சொல்ல மாட்டேங்க தொர."

துரை முகம் சிவந்து, பிறகு சிரித்தார். சிரித்துவிட்டு மாதம் முடியும்வரை அவருக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று கண்டாக்கிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதம் அவர் எங்கள் வீட்டு ரொட்டியைத்தான் சாப்பிட்டார். அந்த மரம் யார் வீட்டு அடுப்பில் எரிந்தது, தலைவரே? உங்கள் மச்சான் கோடாலியோடு போனதை லயம் முழுக்கப் பார்த்தது. நீங்கள் அன்றைக்குச் சாயந்தரம் அவரிடம் வந்து நன்றி சொல்லவில்லை. ஏசினீர்கள்.

"தெரியாதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? பெரிய அரிச்சந்திரன்! இப்ப தொர வீடு வீடா வந்து மோப்பம் புடிக்கப் போறான்."

"தெரியுமேங்க" என்றார் அவர். அவ்வளவுதான்.

இவ்வளவும் சொன்னால் படிக்கிற பிள்ளைகள் அவரைப் பெரிய மகான் என்று நினைத்துக்கொள்ளுவார்கள். அவர் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததையும் எழுதிவிடுகிறேன். அதில் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் அக்கா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை. கொழுந்துக்காரிகளை மேய்க்கிற கணக்கப்பிள்ளை கெட்ட வார்த்தை சொன்னான், இவள் திருப்பிக் கேட்டாள், அவன் தள்ளினான். மேட்டிலிருந்து கீழ் வரிசையில் விழுந்தாள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை தங்கவில்லை. விசாரணை வந்தது. தள்ளும்போது பக்கத்தில் நின்றவர் பன்சில்காரர் ஒருவர்தான். பெண்கள் எல்லாம் தூரத்தில். நீங்கள் சங்கத்தின் சார்பில் அவரைக் கூப்பிட்டு, கை வைத்ததைப் பார்த்தேன் என்று சொல்லச் சொன்னீர்கள். நானும் காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

விசாரணையில் அவர் சொன்னது இது. "அந்தப் புள்ள கத்துனது கேட்டுச்சுங்க. திரும்பிப் பார்த்தேன். கீழ கெடந்துச்சு. கணக்கப்பிள்ளை மேல நின்னாருங்க. கை வச்சத நான் பார்க்கலைங்க."

கணக்கப்பிள்ளை தப்பிவிட்டான்.

அவர் முகத்தில் துப்பினேன். அவர் துடைக்காமல் நின்றார். மாதக்கணக்கில் அவரோடு நான் பேசவில்லை. சாயந்தரமானால் எங்கள் வாசலில் வந்து குந்துவார். ஒன்றும் பேச மாட்டார். இருட்டியதும் எழுந்து போவார். மறுநாளும் வருவார். எனக்கு வெறி வரும். கடைசியில் அக்காதான் ஒருநாள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தாள்.

"என்னா அக்கா நீ?" என்று கத்தினேன்.

"அவரு எனக்கு எதிரா ஒரு வார்த்த சொல்லலையே. பார்த்தத மட்டும் சொன்னாரு. பார்க்காதவரப் பார்த்தேன்னு சொல்லச் சொன்னது நீயும் ஒங்க தலைவரும்தானே" என்றாள். பிள்ளையை இழந்தவள் அவள். அவளே சொன்ன பிறகு நான் என்ன பேச?

அந்த விசாரணையில் தோற்றது உங்களுக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது, தலைவரே. அன்றிலிருந்து அவரைப் பார்த்தால் உங்கள் முகம் மாறும்.

இனி மடுவத்தில் நடந்த பேச்சு. கலவரத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு. ஹட்டன் பக்கம் போய் வந்தவர்கள் கடைப் பலகைகளில் தமிழ் எழுத்துக்குத் தார் பூசியிருக்கிறது என்றார்கள். பஸ்ஸில் ஒருவனை இறக்கிவிட்டு அடித்தார்கள் என்றார்கள். கடைவீதியில் சிலர் எங்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். மழைக்கு ஒதுங்கி, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தோம். நீங்களும் இருந்தீர்கள். நீங்கள்தான் தொடங்கினீர்கள்.

"ஒனக்கென்னப்பா பயம்? நீ கும்புடறது சிங்களவன் சாமி."

"புத்தரு சிங்களவரும் இல்லைங்க, தமிழரும் இல்லைங்க. சாமியும் இல்ல. வடக்கே நேபாளத்துப் பக்கம் பொறந்த மனுஷன். உலகத்துல துன்பம் இருக்கு, அதுக்குக் காரணம் ஆசை, ஆசை போனா துன்பம் போகும், போறதுக்கு எட்டு விதமா நடக்கணும்னு சொன்னாரு. நம்ம நாகப்பட்டினத்துலயும் காஞ்சிபுரத்துலயும் விகாரை இருந்துச்சு. தமிழனே பிக்குவா இருந்தான்."

"அப்ப எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரிதானா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆளு ஒருத்தருதான். வழி பிரிஞ்சு போச்சு. இங்கயும் பர்மாவுலயும் சயாமுலயும் இருக்கறது பழைய பெரியவங்க வழி, தேரவாதம். புத்தரு வழி காட்டுவாரு, தூக்கிட்டுப் போக மாட்டாரு. நடக்க வேண்டியது நாம. சீனா, ஜப்பான் பக்கம் மகாயானம். அப்படின்னா பெரிய வண்டி. அங்க போதிசத்துவருன்னு இருக்காங்க. ஏற வேண்டிய எடத்துக்கு வந்துட்டும் ஏற மாட்டாங்க. எல்லாரும் ஏறட்டும், நான் கடைசியா ஏறுறேன்னு நிப்பாங்க. திபெத்து மலையில மந்திரமும் சக்கரமுமா வஜ்ஜிரயானம்னு ஒரு வழி. அது ஹாமுதுரு சொல்லிக் கேட்டதுதான், நான் பார்த்ததில்ல."

"கடைசியா ஏறுறேன்னு நின்னா பஸ்ஸு போயிருமேய்யா!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

நீங்கள் விடவில்லை. "எப்படியோ. ஒரே ஆளக் கும்புடறவன் ஒருத்தன ஒருத்தன் அடிப்பானா? அடிக்க மாட்டான். கலவரம் வந்தா ஒன்னைய விட்டுருவான்."

அப்போதுதான் அவர் சொன்னார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அவர் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். யுத்தத்தில் ஜப்பான்காரன் அவரையும் தம்பியையும் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். அங்கே பட்டினியில் கிடந்தவர்களுக்கு மஞ்சள் துணி கட்டின பிக்குகள் தங்கள் பிச்சைப் பாத்திரத்துச் சோற்றைக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த மார்க்கத்தில் மனசு போனது. யுத்தம் முடிந்து தங்கை இருந்த இந்தப் பக்கம் வந்தார்.

"காவலுக்கு ஒரு ஜப்பான்காரன் இருந்தான். சட்டப் பையில புத்தர் படம் வச்சிருப்பான். விடியக்காலையில கைய கூப்பிக்கிட்டு அவரு பேரச் சொல்லிக்கிட்டே இருப்பான். பேரச் சொன்னாலே நல்ல எடத்துக்குப் போயிரலாம்னு அவங்க வழி. ஒருநா பேரச் சொல்லி முடிச்சான். எந்திரிச்சு வந்தான். என் தம்பி படுத்தே கெடந்தான், காய்ச்ச. எந்திரின்னு அடிச்சான். தம்பி செத்துட்டான். குறுக்க விழுந்தேன், என் காதும் போச்சு. அந்தப் பேரு அவன் கைய நிறுத்தல. எந்தப் பேரும் எவன் கையயும் நிறுத்தாதுங்க. அவனே நிறுத்தினாத்தான் உண்டு."

நீங்கள் இதை உங்கள் காதால் கேட்டீர்கள். எனக்கு எதிரே ஒரு கொழுந்துக்கூடை மேல் உட்கார்ந்திருந்தீர்கள்.

பிறகு அந்த நாள். மத்தியானத்துக்குமேல். மூடுபனி இறங்கியிருந்தது. போயா என்பதால் அவர் விகாரைக்குப் போயிருந்தார். அங்கேயிருந்து வெள்ளை வேட்டியோடு ஓடி வந்தார். வெளியூர் லொறி ஒன்று கடைவீதியில் நிற்கிறது, பெட்ரோல் டின்னோடு ஆட்கள் இருக்கிறார்கள், தோட்டத்துக்கு வழி கேட்கிறார்கள், ஹாமுதுரு ரோட்டில் குறுக்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறார், நேரம் அதிகமில்லை என்றார். துரை போலீசுக்குப் போன் பண்ணினார். ஜனங்களை ஸ்டோருக்குள் போகச் சொன்னார்கள். கல் கட்டடம், இரும்புக் கதவு. பெண்கள் குழந்தைகளை இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். பன்சில்காரர் லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டி ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

நான் ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் ஜன்னலோரம் நின்றேன். மேல் லயத்திலிருந்து அக்கா வருவதைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையை அவர் தோளில் போட்டிருந்தார். அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கீழ்வளைவில் லொறிச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. குழந்தையை உள்ளே கொடுத்தார். அக்காவை உள்ளே தள்ளினார். கதவு மூடியது. அவர் வெளியே நின்றார்.

நான் படியிறங்கி ஓடி வந்தேன். கதவுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி போட்டாகிவிட்டது. நீங்கள் அதில் முதுகைக் கொடுத்து நின்றீர்கள், தலைவரே. வெளியே தட்டுகிற சத்தம்.

"தலைவரே, நாந்தாங்க. தொறங்க."

அக்கா கத்தினாள். "அண்ணன் வெளிய நிக்கிறாருங்க! தொறங்க!"

"சத்தம் போடாத புள்ள. அவனுக்கு ஒன்னும் ஆகாது. வெள்ள வேட்டி கட்டியிருக்கான். பன்சில் சொல்லுவான். அவனுங்க ஆளுன்னு விட்டுருவானுங்க."

"தள்ளுங்க தலைவரே" என்று நான் கம்பியில் கை வைத்தேன்.

"இவனப் புடிங்கடா!" என்றீர்கள். நாலு பேர் என்னைப் பிடித்தார்கள். பிறகு என் காதோரம் மெதுவாகச் சொன்னீர்கள். "பொய் சொல்லத் தெரியாதவன உள்ள வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? எவனாவது வந்து கேட்டா எல்லாத்தையும் சொல்லிப்புடுவான்."

"தொரகிட்ட ஒங்க வீட்டுப் பேரச் சொன்னாராங்க?" என்று கேட்டேன்.

என் வாயைப் பொத்தச் சொன்னீர்கள்.

மறுபடியும் தட்டுகிற சத்தம். அப்புறம் அவர் குரல், கதவுக்கு மிகவும் பக்கத்தில். "சரிங்க. உள்ளயே இருங்க. புள்ளைங்கள அழவுடாதீங்க." காலடிச் சத்தம் கதவை விட்டுப் போனது.

இனி எழுதுவதை நான் கேட்டேன், பார்க்கவில்லை. கேட்டதை மட்டும் எழுதுகிறேன். என்னோடு உள்ளே நின்ற எல்லோரும் கேட்டார்கள். சிங்களம் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு விளங்கும்.

லொறி நின்றது. நிறைய ஆட்கள் குதித்தார்கள். யார் நீ என்று ஒருவன் கேட்டான். விகாரைக்குப் போய் வருகிறேன் என்றார். அப்படியானால் பன்சில் சொல்லு என்றான். அவர் சொன்னார். காலையில் பீலியில் சொல்லுகிற அதே நிதானத்தில், ஐந்தையும் சொன்னார். ஒருவன் கூடவே முணுமுணுத்ததும் கேட்டது. பழக்கத்தில் அவனுக்கும் வாய் வந்துவிட்டது போல. முடிந்ததும் யாரோ, நம்ம ஆள்தான், விடுங்கள் என்றான். எங்கள் பக்கம் மூச்சு வந்தது. நீங்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினீர்கள், பார்த்தாயா என்பதுபோல.

அப்போது இன்னொருவன் கேட்டான். "நீ சிங்களவன்தானே?"

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு நடந்திருக்கலாம்.

"இல்லை. தமிழன்" என்றார்.

பிறகு, "தமிழனுக்கு எதற்கடா பன்சில்?" என்றான் ஒருவன்.

"இப்போது நீங்களும் என்னோடு சேர்ந்து சொன்னீர்கள். உயிரைக் கொல்லேன் என்று. அது எதற்கு?"

"உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

அடி விழுகிற சத்தம் கேட்டது. இன்னொன்று. அவர் கத்தவில்லை. கதவில் எதையோ கொண்டு இடித்தார்கள். பெட்ரோல் வாசனை வந்தது. அதே நேரத்தில் கீழே ரோட்டில் போலீஸ் ஜீப்பின் ஹாரன். ஏறுடா ஏறு என்று கூச்சல். எதையோ இழுத்து லொறியில் போட்ட சத்தம். லொறி மேல் ரோட்டில் ஏறிப் போனது.

கதவைத் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

ஜீப் வர எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரமும் அந்த ஆட்களை நிறுத்தி வைத்தது அவருடைய பேச்சு. பொன்னாடை உங்களுக்கு.

அன்றைக்கே போலீஸ் கேட்டது. வெளியே யாராவது இருந்தார்களா? நீங்கள் முந்திக்கொண்டு, எல்லோரும் உள்ளேதான் இருந்தோம் என்றீர்கள். நான் இருந்தார் என்றேன். நான் ஒருவன் சொன்னது எடுபடவில்லை. அக்கா சொன்னாள், குழந்தையோடு பயந்துபோன பொம்பளை என்றார்கள். மற்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாது என்றார்கள்.

பிறகு ஹாமுதுரு வந்தார். அவர் கையில் கட்டு இருந்தது. லொறியை மறித்தபோது தள்ளிவிட்டிருந்தார்கள். லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் நின்று பன்சில்காரர் எங்கே என்று கேட்டார். அவர் கொழும்புக்குப் போய்விட்டார் என்று நீங்கள் சொல்லி அனுப்பினீர்கள். அப்போது கொழும்பு, இப்போது இந்தியா. அந்தக் கிழவர் நம்பவில்லை. செத்தவருக்குச் செய்கிற தானத்தை விகாரையில் செய்தார். பாத்திரத்தில் தண்ணீர் வழிய வழிய ஊற்றி, புண்ணியம் அவருக்குப் போய்ச் சேரட்டும் என்றார். எங்கள் தோட்டத்திலிருந்து போனது நானும் அக்காவும் மட்டும். போலீசுக்கும் அவர் நடையாய் நடந்தார். பார்த்தவர் ஒருவரும் இல்லாமல் என்ன செய்வது என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு அந்தக் கிழவரும் செத்துப் போய்விட்டார்.

இப்போது எங்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஸ்டோருக்குள் நின்றவர்களில் பாதிப் பேர் இந்தியாவுக்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறிவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது. நீங்கள் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் காத்திருக்க மாட்டேன். என்னைப் பிடித்த நாலு பேரும் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். தலைவரே, உங்களுக்குப் பொன்னாடை போர்த்திய அதே கோயில் முற்றத்தில், அதே ஒலிபெருக்கியைப் பிடித்து, தோட்டத்து ஜனங்கள் எல்லோரும் கேட்கும்படி சொல்லுங்கள். என் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டாம். ஆள் விட்டுச் சொல்ல வேண்டாம். அக்கா முன்வரிசையில், அவர் தோளில் தூக்கி வந்த பெண்பிள்ளையோடு உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அவர் கதவைத் தட்டியது உங்களுக்குக் கேட்டதா, இல்லையா? கேட்டதென்றால், ஏன் திறக்கவில்லை?